வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் நாய்க்குட்டியை எப்படிப் பழக்குவது?

இரண்டு மாதக் குட்டி காரைக்குடி வீட்டின் வளவிலேயே (முற்றத்தைச் சுற்றியுள்ள உள்பகுதியிலேயே) சிறுநீர் கழிக்கிறது, அதட்டியும் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வயதில் குட்டியால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது. அதட்டினால், உங்கள் கண்ணில் படாத இரண்டாம் கட்டுக்குப் போய்க் கழிக்கத்தான் அது கற்றுக்கொள்ளும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்திலும், விளையாடி ஓய்ந்ததும் அதைத் தூக்கிச் சென்று பின்கட்டில் ஒரே மண்தரையில் விடுங்கள். தரையை முகர்ந்தபடி வட்டமிட்டால் நேரம் வந்துவிட்டதென்று பொருள். கழித்து முடித்த அந்த நொடியிலேயே, வீட்டுக்குள் வந்த பிறகு அல்ல, தட்டிக்கொடுத்து அவித்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். இரவிலும் ஒரு முறை எழுப்ப வேண்டியிருக்கும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் இடம் அறவே கூடாது. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் தங்கும்.

உங்கள் வீட்டுத் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பதித்திருக்கும் வண்ண ஓடான ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது என்பதால், பலர் பரிந்துரைக்கும் வினிகர் அதன் வண்ணப்பரப்பை அரித்துவிடும்; பினாயிலோ குட்டிக்கு நஞ்சு. அம்மோனியா கலந்த திரவங்களின் வாடை சிறுநீரை ஒத்திருப்பதால், குட்டி மீண்டும் அதே இடத்தைத் தேடி வரும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை (சிறுநீரின் வாடையைச் சிதைத்து நீக்குவது) ஓரத்தில் சிறிது தடவிச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.