டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் புரிந்து பார்ப்பது எப்படி? நேரில் போனால் எங்கே நிற்பது?

"முதலில் வந்தவர் ஒருவர், மஞ்சள் ஜெர்சி வாங்கியவர் வேறொருவர், நான்கு மணி நேரம் பார்த்தும் தலைகால் புரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னால் போகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் இருக்கும். கண் போக வேண்டிய இடம் திரையின் ஓரத்தில் ஓடும் நேர இடைவெளி. அதைப் படிக்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் கணக்கு. மொத்தம் 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்), நடுவில் 2 ஓய்வு நாள், ஆக 23 நாள். தூரம் சுமார் 3,300 முதல் 3,500 கி.மீ. அணிக்கு 8 பேர், 22 அல்லது 23 அணிகள். ஒவ்வொரு நாளும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவருக்கு மறுநாள் மஞ்சள் ஜெர்சி. அன்றைய ஸ்டேஜை வென்றவர் இந்தக் கணக்கில் அரை மணி நேரம் பின்தங்கியவராகவும் இருக்கலாம். ஒரு ஸ்டேஜை வெல்வது தனிப் பரிசு, தனிப் பெருமை. ஒரே ஒரு ஸ்டேஜ் வெற்றியோடு வாழ்நாள் முழுக்க அறியப்படும் வீரர்கள் நிறையப் பேர்.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. ஒரே கூட்டமாகக் கோட்டைத் தாண்டுகிற எல்லோருக்கும் ஒரே நேரம்தான் எழுதுவார்கள். நூறாவதாக வந்தவரும் கூட்டத்தோடு ஒட்டி வந்திருந்தால் அவருக்கு நஷ்டம் இல்லை. அடுத்தது போனஸ். நேரப் பந்தயம் (கூட்டமாக ஓட்டாமல் கடிகாரத்தோடு போட்டியிடுவது) தவிர்த்த நாட்களில் முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 விநாடி கழித்துவிடுவார்கள். கடைசியில் இந்தப் பத்து விநாடியே பெரிய தொகையாகத் தெரியும். 1989-ல் கிரெக் லெமாண்ட், லோரான் ஃபின்யோனை மூன்று வார முடிவில் வென்றது வெறும் 8 விநாடியில்.

மற்ற ஜெர்சிகள்: பச்சை புள்ளிகளுக்கு. சமதள ஸ்டேஜில் முதலில் வந்தால் 50 புள்ளி, கடும் மலை ஸ்டேஜில் 20 மட்டும், அதனால் பெரும்பாலும் ஸ்பிரின்டர்களுடையது, அதாவது கடைசி நேர வேகப் பாய்ச்சலில் வல்லவர்களுடையது. வெள்ளையில் சிவப்புப் பொட்டு போட்டது மலை ஏற்றங்களில் புள்ளி சேர்த்தவருக்கு. வெள்ளை, 26 வயதுக்கு உட்பட்டவர்களில் முதல்வருக்கு. ஆரம்பத்தில் மஞ்சளையும் பச்சையையும் மட்டும் பின்தொடர்ந்தால் போதும்.

இப்போது திரை. ஒளிபரப்பில் பெரும்பாலும் பிரெஞ்சு வார்த்தைகள்தான் வரும். "தெத் த லா கூர்ஸ்" என்றால் முன்னணிக் குழு. "பூர்சுய்வான்" என்றால் அவர்களைத் துரத்துகிறவர்கள். "பெலோட்டோன்" என்பது பெருங்கூட்டம். "குரூப் மயோ ஜோன்" என்றால் மஞ்சள் ஜெர்சி இருக்கும் குழு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் முன்னணிக்கு எவ்வளவு பின்னால் என்ற நேரம் இருக்கும், மேலே மீதி தூரம்.

தினமும் ஆரம்பத்திலேயே சிலர் பிரிந்து முன்னால் போவார்கள். மொத்த நேரக் கணக்கில் பின்தங்கியவர்கள் என்றால் பெருங்கூட்டம் அவர்களைப் போக விடும். பிடிப்பார்களா மாட்டார்களா என்று பார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வீரராக இருந்து தொலைக்காட்சி வர்ணனையாளர் ஆன பிரான்ஸின் ரொபேர் ஷபாத் பெயரில் சொல்வார்கள்: மீதி 10 கி.மீ.க்கு ஒரு நிமிடம். முன்னணி மணிக்கு 45 கி.மீ.யிலும் பெருங்கூட்டம் 49 கி.மீ.யிலும் போனால், 10 கி.மீ.யில் இடைவெளி சுமார் 65 விநாடி குறையும். எனவே 30 கி.மீ. மீதியிருக்க 2 நிமிடம்தான் கையில் என்றால் பெரும்பாலும் பிடிபடுவார்கள். 4 நிமிடம் இருந்தால் தப்ப வாய்ப்பு அதிகம். சமதளத்துக்குத்தான் இந்தக் கணக்கு. மலையில் செல்லாது, ஏனென்றால் அங்கே பின்னால் ஒட்டி வருவதால் கிடைக்கும் லாபம் சுருங்கிவிடும்.

இடைவெளி ஒரு நிமிடத்துக்குக் கீழே இறங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். இரண்டு குழுக்களுக்கும் நடுவில் இருக்கும் அணிக் கார்களை அதிகாரிகள் வெளியே எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்கு பஞ்சர் ஆனால் மாற்றுச் சக்கரம் வந்து சேர்வதற்குள் கதை முடிந்துவிடும். பெருங்கூட்டத்தின் பின்னால் வரும் கார்களும் இஷ்டப்படி வருவதில்லை. மொத்த நேரக் கணக்கில் எந்த அணியின் வீரர் மேலே இருக்கிறாரோ அந்த அணியின் கார் முன்னால் வரும். பின்வரிசை அணி வீரருக்கு பஞ்சர் என்றால் அவர் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். சமதள ஸ்டேஜின் கடைசி 3 கி.மீ.யில் (சில நாட்களில் 5 வரை நீட்டுவார்கள்) விழுந்தாலோ பஞ்சர் ஆனாலோ, அப்போது கூட இருந்த குழுவின் நேரமே கிடைக்கும். மலை உச்சியில் முடியும் நாளில் இந்தச் சலுகை இல்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது காற்று. என் மதிப்பில் மலையை விடவும் பார்க்க வேண்டிய காட்சி இதுதான். ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் உழைப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகும். எதிர்காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைக்கும். பக்கக்காற்றில் அது பக்கவாட்டில் சரிந்துவிடும். வலப்பக்கக் காற்று என்றால் முன்னவருக்குச் சற்று இடப்பக்கமாகப் பின்னால் நின்றால்தான் மறைவு. அவருக்கும் இடப்பக்கம் அடுத்தவர். இப்படிச் சாய்வரிசையாகப் போனால் 12, 15 பேருக்குள் சாலையின் அகலம் தீர்ந்துவிடும். அடுத்தவர் சாலை ஓரக் கோட்டில், புல்லுக்கும் தாருக்கும் நடுவே, மறைவே இல்லாமல் தனியாக மிதிக்கிறார். அவர் ஒரு மீட்டர் விட்டால் பின்னால் இருக்கும் எண்பது பேரும் விட்டது போலத்தான். அந்த ஒரு மீட்டர் ஐந்து நிமிடத்தில் முந்நூறு மீட்டராகிவிடும். ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் மாலை அறுந்து துண்டு துண்டாகப் போவது போல இருக்கும். 2020-ல் லவோர் ஊருக்குப் போன 7-வது ஸ்டேஜில் இப்படித்தான் ஸ்லோவேனிய வீரர் ததேய் போகச்சார் 1 நிமிடம் 21 விநாடி இழந்தார். அன்று ஒரு மலை உச்சியும் பந்தயத்தைத் தீர்மானிக்கவில்லை.

அதே 2020-ன் மிச்சக் கதையை இடைவெளிக் கணக்காகவே படியுங்கள். கடைசிக்கு முந்தைய நாள் வரை பிரிமோஸ் ரோக்லிச் 57 விநாடி முன்னால். 20-வது ஸ்டேஜ், லா பிளான்ஷ் தே பெல் ஃபீய் மலை மீது முடியும் 36.2 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயம். ஒட்டி ஓட்ட ஆளில்லை, தனியாகக் கடிகாரத்தோடு போட்டி. போகச்சார் அங்கே ரோக்லிச்சை விட 1 நிமிடம் 56 விநாடி வேகம். 57 கழிந்து, 59 விநாடி முன்னிலையோடு மஞ்சள் ஜெர்சி கைமாறியது. காற்றில் 1:21 போகாமல் இருந்திருந்தால் கடைசி நாளுக்கு முன் அவ்வளவு பதற்றமே இருந்திருக்காது.

அணி எதற்கு என்ற கேள்விக்கு 2022-ன் 11-வது ஸ்டேஜை விடத் தெளிவான பதில் கிடையாது. போகச்சார் மஞ்சளில், யோனாஸ் விங்கெகோர் 39 விநாடி பின்னால். விங்கெகோரும் ரோக்லிச்சும் இருந்த யும்போ-விஸ்மா அணி கலிபியே மலைப் பகுதியிலேயே தாக்குதலைத் தொடங்கிவிட்டது. ரோக்லிச் பாய்வார், போகச்சார் துரத்துவார். பிடித்ததும் விங்கெகோர் பாய்வார், மறுபடி போகச்சார் துரத்துவார். இரண்டு பேர் முறை வைத்து அடிக்க, பதில் சொல்ல ஒருவர்தான். கடைசியில் கிரானோன் ஏற்றம்: 11.3 கி.மீ., சராசரிச் சரிவு 9 சதவீதத்துக்கு மேல். உச்சிக்கு 5 கி.மீ. இருக்கும்போது விங்கெகோர் எழுந்து மிதித்தார், போகச்சார் உட்கார்ந்தே இருந்தார். ஜெர்சியின் ஜிப் முழுக்கத் திறந்து, தோள்கள் இடம் வலமாக ஆட ஆரம்பித்தன. தோள் ஆட்டம் ஒரு நல்ல அறிகுறி. கால் தராத சக்தியை உடம்பு முழுக்கத் தேடுகிறது என்று அர்த்தம். உச்சியில் 2 நிமிடம் 51 விநாடி வித்தியாசம், அதோடு 10 விநாடி போனஸ், பழைய 39-ஐக் கழித்தால் விங்கெகோர் 2:22 முன்னிலை. அந்த ஆண்டு கோப்பையும் அவருக்கே.

இன்னொரு கணக்கு பின்னால் நடக்கும். வென்றவரின் நேரத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்குள் வந்து சேராதவர் வெளியேற்றப்படுவார். சதவீதம் அன்றைய பாதையின் கடினத்தையும் சராசரி வேகத்தையும் பொறுத்தது. அதனால் மலை நாட்களில் ஸ்பிரின்டர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் உதவி, கெடுவுக்குள் வந்து சேரக் கணக்குப் போட்டு ஓட்டுவார்கள். 2024-ல் முதல் நாள் இத்தாலி வெயிலில் ஸ்பிரின்டர் மார்க் கவெண்டிஷ் வாந்தி எடுத்துப் பின்தங்கினார். அணித் தோழர்கள் கூடவே இருந்து கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து சேன்-வுல்பாஸ் ஊரில் அவர் பெற்றது டூர் டி பிரான்ஸில் அவருடைய 35-வது ஸ்டேஜ் வெற்றி. பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் 34 வெற்றி என்ற சாதனை அன்று உடைந்தது.

நேரம் குறைவு என்றால் எதைப் பார்ப்பது? இந்தியா, இலங்கை நேரம் ஜூலையில் பிரான்ஸை விட மூன்றரை மணி நேரம் முன்னால். பெரும்பாலான ஸ்டேஜ்கள் நமக்கு மாலை நாலரை வாக்கில் தொடங்கி ஒன்பது மணியை ஒட்டி முடியும். சமதள நாளில் கடைசி 20 கி.மீ. போதும். மலை நாளில் கடைசி இரண்டு ஏற்றம், அதாவது ஒன்றரை மணி நேரம். நேரப் பந்தயத்தில் தரவரிசையில் மேலே இருப்பவர்கள் கடைசியில்தான் கிளம்புவார்கள், அதனால் கடைசி ஒரு மணி நேரம். காற்று நாளை மட்டும் இப்படி வெட்ட முடியாது. காலையிலேயே பாதை வரைபடத்தையும் காற்றுத் திசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திறந்த வயல்வெளி, பாதைக்குக் குறுக்கே மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் காற்று என்றால் அன்று தொடக்கம் முதல் உட்காருங்கள்.

பந்தயத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நேர அட்டவணை இருக்கும். ஒவ்வொரு ஊரையும் எத்தனை மணிக்குக் கடப்பார்கள் என்று மூன்று சராசரி வேகத்துக்கு மூன்று நேரம் போட்டிருப்பார்கள். நேரில் போகிறவர்களுக்கும் இதுதான் முதல் கருவி. வேகமான நேரத்தை நம்பி முன்கூட்டியே நில்லுங்கள்.

இனி நேரில் போவது. சாலையோரம் நிற்க டிக்கெட் கிடையாது. எங்கே என்பதுதான் கேள்வி. சமதளத்தில் நின்றால் கூட்டம் அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும், ஒரு முகமும் அடையாளம் தெரியாது. ஏற்றத்தில் நில்லுங்கள். 8 சதவீதச் சரிவில் வேகம் பாதியாகக் குறையும், வீரர்கள் ஒருவர் ஒருவராகப் பிரிந்து வருவார்கள், முதல் ஆளுக்கும் கடைசிக் குழுவுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது இருக்கும். அல்ப் துவெஸ் மாதிரி 21 கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில், வளைவுக்கு மேலே உள்ள சரிவில் நின்றால் கீழே இரண்டு மூன்று அடுக்குச் சாலையும் கண்ணில் படும். வருவதும் தெரியும், கடப்பதும் தெரியும், போவதும் தெரியும். ஏழாம் வளைவு டச்சுக்காரர்களின் இடம், கூச்சலும் நெரிசலும் அதிகம். முதல் தடவை போகிறவர்கள் வேறு வளைவு பார்ப்பது நல்லது.

பிரபலமான மலைகளில் கார்களுக்குச் சாலையை முந்தைய நாளே அடைத்துவிடுவது உண்டு. காலையில் அடிவாரத்திலிருந்து நடந்தோ சைக்கிளிலோ ஏறுங்கள். கடைசி சில மணி நேரம் சைக்கிளையும் இறங்கித் தள்ளச் சொல்வார்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, சாப்பாடு, மழைச் சட்டை. அடிவாரத்தில் 33 டிகிரி வெயில் இருந்தாலும் 2,000 மீட்டருக்கு மேல் மழை வந்தால் குளிர் நடுக்கும். கூட்ட நாளில் மலையில் மொபைல் சிக்னலை நம்பாதீர்கள், அட்டவணையைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீரர்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும், தொப்பி, பிஸ்கட், சாவிக்கொத்து எல்லாம் வீசுவார்கள். கீழே விழுந்த பொருளை எடுக்க வண்டிகளுக்கு நடுவே குழந்தையை விடவே கூடாது.

பந்தயத்துக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். 2021-ல் முதல் ஸ்டேஜில் ஒரு பார்வையாளர் தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்தபடி அட்டையைச் சாலைக்குள் நீட்டினார். டோனி மார்ட்டின் அதில் மோதி விழ, பின்னால் வந்த கூட்டமே சரிந்தது. செல்ஃபி எடுப்பவர், குடையோ பெரிய கொடியோ பிடித்திருப்பவர், கூடவே ஓடுகிறவர் எல்லோராலும் இதே ஆபத்துதான். ஒருவர் மூன்று வாரம் உயிரைக் கொடுத்து ஓட்டுவதை நாம் ஒரு நொடியில் கெடுத்துவிடலாம். இரண்டு கை நீளம் பின்னால் நின்று கத்துங்கள், அதுவே அவர்களுக்குப் போய்ச் சேரும்.

பாரிஸில் லா ஷப்பல் பக்கம் உறவினர் வீட்டில் தங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 2025-ல் கடைசி ஸ்டேஜ் மோன்மார்த்ர் குன்றில் மூன்று முறை ஏறியது. ரூ லெப்பிக் தெருவின் கல் பாவிய ஏற்றம், 1.1 கி.மீ., சராசரி 5.9 சதவீதம். லா ஷப்பலிலிருந்து நடந்தே போய்விடலாம். அன்று மழை பெய்ததால் மொத்த நேரக் கணக்கை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் போகச்சார் விடாமல் ஓட்ட, வௌட் வான் ஆர்ட் கடைசி ஏற்றத்தில் அவரைக் கழற்றிவிட்டு வென்றார். பாதை அப்படியே அமைந்தால் காலையிலேயே தெருவின் மேல் பாதியில் தடுப்புக் கம்பியை ஒட்டி இடம் பிடியுங்கள். ஒரே இடத்தில் நின்று மூன்று முறை பார்க்கலாம். கடைசி வீரருக்குப் பின் "ஃபேன் த கூர்ஸ்" (பந்தயத்தின் முடிவு) என்று எழுதிய வண்டி போகும் வரை சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள்.