கலை கேள்வி – பதில்: வரைந்தவர் வேறு, ஓவியர் வேறு

கேள்வி: சோல் லெவிட் என்ற அமெரிக்கக் கலைஞரின் சுவரோவியங்களைப் பிறர்தான் வரைவார்களாம், கண்காட்சி முடிந்ததும் வெள்ளையடித்துவிடுவார்களாம். எங்கள் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் 1931இல் கண்டறியப்பட்டதை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். அழிப்பதற்கென்றே வரைவது என்ன கலை? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: சோழர் ஓவியம் சுண்ணாம்புப் பூச்சின் மேல் இருக்கிறது, பூச்சு உதிர்ந்தால் ஓவியமும் போயிற்று. லெவிட்டோ தம் படைப்பைச் சில வரிக் குறிப்பாக எழுதி வைத்தார். 1971ஆம் ஆண்டின் 118ஆம் எண் சுவரோவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடினமான பென்சிலால் சுவரில் ஐம்பது புள்ளிகளை மனம்போன போக்கில் வையுங்கள், அவை சுவரெங்கும் சீராகப் பரவியிருக்கட்டும், எல்லாப் புள்ளிகளையும் நேர்கோடுகளால் இணையுங்கள்’ என்பதே அதன் சாரம். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்த்தால் 1,225 கோடுகள் வரும். மனம்போன போக்கிலும் இருக்கவேண்டும், சீராகவும் இருக்கவேண்டும் என்றால் வரைபவர் ஒவ்வொரு புள்ளிக்கும் நின்று யோசித்தாகவேண்டும். ஆகையால் ஒரு சுவரில் வந்தது மறு சுவரில் வராது. வாங்குபவருக்குக் கிடைப்பது கையெழுத்திட்ட சான்றிதழும் வரைபடமும்தான். வெள்ளையடித்த பிறகும் அவை இருக்குமாதலால், வேறொரு சுவரில் மீண்டும் வரையலாம்.

1928இல் ஹார்ட்ஃபோர்டில் பிறந்த அவர், 1950களில் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய்யின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். திட்டம் போடுபவர் செங்கல் அடுக்குவதில்லை என்பதை அங்கே அன்றாடம் கண்டிருப்பார் என்பது என் ஊகம். 1967இல் எழுதிய கட்டுரையில், கருத்தே கலையை உருவாக்கும் இயந்திரம் என்றார். மறு ஆண்டு நியூயார்க்கில் பாலா கூப்பர் காட்சிக்கூடத்தில் முதல் சுவரோவியம் வந்தது.

கேள்வி: அப்படியானால் கோடு போட்டவர்களுக்குப் பெயர் கிடையாதா? – வாசகி, மன்னார்குடி.

பதில்: உண்டு. முதன்முதலில் வரைந்தவர்களின் பெயர்கள் ஓவியத்துக்கான குறிப்பில் பதிவாகின்றன. பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைச் சொல்கிறது. உள்சுற்றில் ஓவியம் தீட்டியவர் யாரென்று நமக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றில் லெவிட் நேர்மையாகவே நடந்துகொண்டார். ஆனாலும் விலையும் புகழும் திட்டம் போட்டவருக்கே போய்ச் சேர்ந்தன என்ற உங்கள் மனக்குறையை என்னால் முழுதும் மறுக்க இயலாது.

கேள்வி: அவர் மறைந்த பிறகு புதிதாக வரைவது போலியாகாதா? – வாசகர், மயிலாடுதுறை.

பதில்: ஆகாது. அவர் 2007 ஏப்ரலில் காலமானார். அதற்கு முன்பே திட்டமிட்டிருந்தபடி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மாஸ் மோகா அருங்காட்சியகத்தில் 105 சுவரோவியங்களை இளங்கலைஞர்களும் மாணவர்களும் மாதக்கணக்கில் வரைந்தார்கள். 2008 நவம்பரில் திறக்கப்பட்ட அக்காட்சி 2043 வரை இருக்கும் என அறிவித்திருக்கிறார்கள்.

உங்கள் பள்ளிச் சுவரில் பயிற்சியாக நீங்களும் வரைந்து பார்க்கலாம்; சான்றிதழ் இல்லாமல் அதை லெவிட் ஓவியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். சுண்ணாம்பு அடித்த சுவரில் பென்சில் பட்டால் பொடி உதிரும். பட்டி பூசித் தேய்த்த சுவராகப் பார்த்து வையுங்கள்.