வெப்சைட் உங்களுடையது, டொமைன் யாருடையது?

கலைத்துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சிறிய ஸ்டுடியோக்களிடம்தான் வெப்சைட் செய்துகொள்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. இரண்டு பேர் நடத்தும் ஸ்டுடியோவில், டிசைன் செய்பவரோடு நேராகப் பேச முடியும். ஆனால் வேலை பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே நடந்துவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அதனால் வந்த சிக்கல்கள்தான்.

கேள்வி: தஞ்சாவூரில் பரதநாட்டியப் பள்ளி நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்டுடியோவுக்கு 40,000 ரூபாய் கொடுத்து டாட் காம் முகவரியில் வெப்சைட் செய்தேன். இப்போது அவர்கள் போனை எடுப்பதே இல்லை. வேறொருவரிடம் கேட்டால், ‘டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, அவர்கள் பெயரில் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம். அதற்கு முன் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சைட் இன்னும் திறக்கிறது என்றால் அதிலுள்ள எழுத்து, படம், வீடியோ எல்லாவற்றையும் கணினியில் சேமித்து வையுங்கள். சைட் ஏற்கெனவே நின்றுபோயிருந்தால் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் உங்கள் முகவரியைத் தேடுங்கள். பழைய பக்கங்கள் பலவும் அங்கே கிடைக்க வாய்ப்புண்டு.

அடுத்து, டொமைன் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, என்று காலாவதியாகிறது என்பதை ‘ஹூஈஸ்’ (Whois) என்ற இணையத் தேடலில் பாருங்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பதிவு நிறுவனம் உரிமையாளராக ஏற்கும். நீங்கள் பணம் கொடுத்த ரசீதைக் காட்டினாலும் அங்கே எடுபடாது. புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் மெயிலும் அவர்களுக்குத்தான் போகும். டாட் காம் முகவரி காலாவதியாகி நீக்கப்பட்டாலும், 30 நாள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அந்த உரிமையும் பதிவு செய்தவருக்கே. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் காலாவதித் தேதியை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

பிறகு அந்த ஸ்டுடியோவுக்கு மெயில், ஸ்பீட் போஸ்ட் இரண்டிலும் எழுதுங்கள். டொமைனை என் பெயருக்கு மாற்ற வேண்டும், ஹோஸ்டிங் (சைட் வைக்கப்பட்டிருக்கும் சர்வர்) லாகின் வேண்டும், ஃபைல்களும் டேட்டாபேஸும் சேர்ந்த முழு பேக்கப் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுங்கள். சிறிய ஸ்டுடியோக்கள் பல நேரம் ஏமாற்ற நினைத்து ஒதுங்குவதில்லை. ஒருவர் வேலைக்குப் போயிருப்பார், இன்னொருவர் ஊர் மாறியிருப்பார். எழுத்தில் கடிதம் போனதும் லாகினைக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அப்படியும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு, ‘வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்’ என்று வாதிடும். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் அந்த விலக்கில் வராது என்று சட்டமே சொல்கிறது. அதே நியாயத்தை நீங்களும் வாதிடலாம். பள்ளியில் நீங்களே வகுப்பு எடுக்கிறீர்கள், அதுதான் உங்கள் வருமானம் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, மெயில் எதையும் அழிக்காதீர்கள்.

புதிதாக வெப்சைட் செய்யப் போகிறவர்கள் டொமைனை மட்டும் தாங்களே தங்கள் மெயில், தங்கள் கார்டு போட்டு வாங்கிவிடுங்கள். நல்ல ஸ்டுடியோ இதற்கு மறுப்புச் சொல்லாது. சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: நான் கர்நாடக இசைப் பாடகி. லோகோவுக்கும் வெப்சைட்டுக்கும் முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். அதே லோகோவை ஆல்பம் அட்டையில் போட ஸ்டுடியோ தனியாகப் பணம் கேட்கிறது. நியாயமா?

பதில்: கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாத ஒருவர் வரைந்த லோகோவுக்கு முதல் உரிமையாளர் அவர்தான். உரிமை உங்களுக்கு வர, அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். உங்கள் ரசிகர்கள் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள் அல்லவா? ‘உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும், எல்லாப் பயன்பாட்டுக்கும்’ என்று எழுதி வாங்குங்கள். அதற்கு ஒரு தொகை கேட்டால், பேசிக் குறைத்து ஒரே தடவையில் முடித்துக்கொள்ளுங்கள். வரைந்தவரின் உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு.

போட்டோவுக்கு விதி வேறு. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுக்கே. கச்சேரியில் பத்திரிகைக்காக ஒருவர் எடுத்த படம் அப்படி இல்லை. உங்கள் முகம் இருந்தாலும் கேட்டுத்தான் போட வேண்டும். இதைப் படிக்கும் கல்யாண போட்டோகிராஃபர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே விதிப்படி ஆல்பத்துக்குப் பணம் கொடுத்த வீட்டாருக்குத்தான் படங்களின் உரிமை. உங்கள் வெப்சைட்டில் போட வேண்டுமென்றால் புக்கிங் படிவத்திலேயே சம்மதம் வாங்குங்கள்.

கேள்வி: கோவையில் நானும் நண்பரும் வெப் டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறோம். ஒரு நிகழ்ச்சி நிறுவனம் மாதக்கணக்கில் பாக்கி வைத்திருக்கிறது. ‘அடுத்த ஷோ முடியட்டும்’ என்றே சொல்கிறார்கள். சைட்டை முடக்கலாமா?

பதில்: முடக்காதீர்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலொழிய, சேதத்துக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டி வரும். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? இருந்தால் 2006 குறு, சிறு தொழில் சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையத்தளத்தில் விண்ணப்பித்தால், பாக்கி வசூலுக்கான மன்றம் விசாரிக்கும். வேலை எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு செய்திருப்பது நல்லது. இலவசம்தான்.

இன்னொன்றையும் அவர்களுக்கு எழுதுங்கள். கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. அவர்களுடைய ஆடிட்டர் இதைப் பார்த்தால் காரியம் சீக்கிரம் நடக்கும். அடுத்த வேலையிலிருந்து, சைட் வெளியாகும் முன்பே கடைசித் தவணையை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சிற்றிதழ் நடத்துகிறோம். பழைய இதழ்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அப்படியே ஏற்றித் தருவதாக ஸ்டுடியோ சொல்கிறது. போதுமா?

பதில்: போதாது. யூனிகோடுக்கு (எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறைக்கு) மாற்றாமல் ஏற்றினால் கூகுளில் தேடுபவருக்குக் கிடைக்காது, போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடு மாற்றமும் மெய்ப்புப் பார்ப்பதும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மாற்றும் கருவிகள் இலவசம், மெய்ப்புக்குத்தான் ஆள் வேண்டும். எழுத்துருவுக்குத் தனிச் செலவு தேவையில்லை. முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விலைக்கு வாங்கிய எழுத்துருதான் வேண்டுமென்றால், அச்சு உரிமம் இணையத்துக்குச் செல்லுமா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.