ஒரே கணினியில் இரண்டு இசை மென்பொருள்: மிடி, ஆடியோ கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்திலிருந்து கிளம்பியவை. மிடி வேறு, ஆடியோ வேறு. எந்த நோட்டை எப்போது, எவ்வளவு அழுத்தமாக அடித்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற தகவல்தான் மிடியில் போகும். ஒலி துளியும் போகாது. நோட் போக ஒரு வழி, ஒலி திரும்பி வர இன்னொரு வழி என்று இரண்டையும் தனித்தனியாகப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: விண்டோஸில் எஃப்எல் ஸ்டூடியோவில் எழுதிய நோட்களை ரீப்பரில் இருக்கும் வாத்தியத்தில் ஒலிக்க வைக்க வேண்டும். இரண்டையும் திறந்து வைத்தேன், ஒன்றுக்கொன்று தெரியவே இல்லை.

தெரியாது. நடுவில் ஒரு மிடி போர்ட், அதாவது நோட் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கடக்கும் வாசல், வேண்டும். லூப்மிடி என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன் ஜன்னலில் கீழே உள்ள கூட்டல் பொத்தானை அழுத்தினால் ஒரு போர்ட் உருவாகும். இசை மென்பொருள்களைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பல மென்பொருள்கள் திறக்கும்போது மட்டும்தான் போர்ட்டுகளைத் தேடும்.

அப்புறம் எஃப்எல்லில் எஃப்10 அழுத்தி, மிடி பக்கத்தில் அவுட்புட் பட்டியலில் அந்தப் போர்ட்டைத் தேர்ந்து ஓர் எண் கொடுங்கள், 5 என்று வைத்துக்கொள்வோம். பிறகு 'மிடி அவுட்' என்ற சேனலைச் சேர்த்து அதிலும் அதே 5. இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாமல் மணிக்கணக்கில் தவிப்பவர்கள்தான் அதிகம். ரீப்பரில் ப்ரிஃபரன்ஸஸில் அந்தப் போர்ட்டை இன்புட்டாக மட்டும் இயக்குங்கள். டிராக்கின் இன்புட்டாக அதையே வைத்து, ரெக்கார்ட் ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), மானிட்டரை ஆன் செய்தால் போதும்.

இன்னும் ஒலி வரவில்லையா? லூப்மிடி ஜன்னலைப் பாருங்கள். நோட் ஓடும்போது அங்கே தரவு எண்ணிக்கை ஏறினால் எஃப்எல் அனுப்புகிறது, கோளாறு ரீப்பர் பக்கம். ஏறாவிட்டால் எஃப்எல் பக்கம்.

ஒரு விஷயம்: அந்த வாத்தியம் பிளக்-இன் (இன்னொரு மென்பொருளுக்குள் ஏற்றும் துணை மென்பொருள்) என்றால், அதை எஃப்எல்லிலேயே ஏற்றிவிடலாமே? வேலை முடிந்த மெட்டுதான் என்றால் மிடி ஃபைலாக எடுத்து ரீப்பரில் இழுத்துப் போடலாம். இரண்டு மென்பொருளும் ஒரே நேரத்தில் ஓடித்தான் தீர வேண்டும் என்ற நிலை, நினைப்பதைவிடக் குறைவு.

கேள்வி: ஒரு நோட் அடித்தால் இரண்டாகக் கேட்கிறது. சில சமயம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகிறது.

ஒரே போர்ட்டை ஒரு மென்பொருளில் இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் வைத்திருக்கிறீர்கள். போன நோட் அதே வழியில் திரும்பி வருகிறது. ஒரு போர்ட்டில் ஒரு திசை மட்டும். எதிர்த்திசைக்கு இன்னொரு போர்ட். டிராக்கின் இன்புட்டை 'ஆல்' என்று விடாமல் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். மாட்டிக்கொண்ட நோட்டை நிறுத்த எஃப்எல்லில் கன்ட்ரோல்+எச்.

கேள்வி: எஃப்எல்லின் ஒலியை ரீப்பரில் ரெக்கார்ட் செய்வது எப்படி? ஒன்றைத் திறந்தால் மற்றது சவுண்ட் கார்டு இல்லை என்கிறது.

சவுண்ட் கார்டை இயக்கும் ஏசியோ டிரைவர்களில் பல ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். கார்டை ரீப்பரிடமே விட்டுவிடுங்கள். ரீப்பரை நிறுவும்போது ரீரூட் என்ற பகுதியையும் டிக் செய்து நிறுவினால், எஃப்எல்லின் ஆடியோ பட்டியலில் ரீரூட் ஏசியோ தெரியும். அதைத் தேர்ந்தால் எஃப்எல்லின் ஒலி ரீப்பரில் இன்புட்டாக வந்து நிற்கும். இது விண்டோஸுக்கு மட்டும். வேறு மென்பொருள் என்றால் விபி-கேபிள் என்ற மெய்நிகர் கேபிள் இருக்கிறது. எதுவானாலும் இரு பக்கமும் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரி என்ற எண்) ஒன்றாக இருக்கட்டும்.

எனக்குப் பிடித்த வழி இதைவிட எளிது. எஃப்எல் ஸ்டூடியோ தானே ஒரு பிளக்-இன்னாகவும் திறக்கும். ரீப்பரின் ஒரு டிராக்கில் அதை ஏற்றினால் ஒலியும் டெம்போவும் தானாக வந்துவிடும், கேபிளே வேண்டாம்.

கேள்வி: மேக்கில் பிளாக்ஹோல் என்ற மெய்நிகர் ஆடியோ கேபிள் போட்டேன். ஏபிள்டன் லைவிலிருந்து லாஜிக்குக்குப் பதிவாகிறது, ஆனால் ஹெட்ஃபோனில் ஒன்றும் கேட்கவில்லை.

ஒலி முழுவதும் பிளாக்ஹோலுக்குள் போய்விடுகிறது, ஹெட்ஃபோனுக்கு மிச்சமில்லை. லாஜிக்கில் இன்புட் பிளாக்ஹோல், அவுட்புட் ஹெட்ஃபோன் என்று வைத்து அந்த டிராக்கின் இன்புட் மானிட்டரை ஆன் செய்யுங்கள். லைவிலிருந்தே நேரடியாகக் கேட்க வேண்டுமென்றால் 'ஆடியோ மிடி செட்டப்'பில் மல்டி-அவுட்புட் டிவைஸ் ஒன்று உருவாக்கி ஹெட்ஃபோனையும் பிளாக்ஹோலையும் டிக் செய்து, பிளாக்ஹோலுக்கு, இரண்டின் வேகமும் விலகாமல் காக்கும் ட்ரிஃப்ட் கரெக்‌ஷனைப் போடுங்கள். அப்படிச் செய்தால் கீபோர்டின் வால்யூம் பட்டன் வேலை செய்யாது, பயந்துவிடாதீர்கள். இரண்டு வழியையும் சேர்த்து வைத்தால் எதிரொலி கேட்கும்.

மிடிக்கு மேக்கில் எதையும் இறக்க வேண்டியதில்லை. அதே 'ஆடியோ மிடி செட்டப்'பில் மிடி ஸ்டூடியோவைத் திறந்து, மேக்கிலேயே இருக்கும் மிடி போர்ட்டான ஐஏசி டிரைவரை ஆன்லைன் என்று டிக் செய்தால் சரி.

கேள்வி: டெம்போவைச் சேர்த்து ஓட்ட மிடி கிளாக்கா, ஏபிள்டன் லிங்க்கா?

இரண்டு மென்பொருளிலும் லிங்க் (டெம்போவைத் தானாக ஒன்றாக்கும் வசதி) இருந்தால் யோசிக்காமல் லிங்க். இல்லாவிட்டால் கிளாக். அதில் ஒரு மென்பொருள் மற்றதுக்குக் கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். டெம்போ 120 என்றால் சுமார் 21 மில்லி விநாடிக்கு ஒன்று. அந்தத் துடிப்புகள் கொஞ்சம் முன்பின்னாக வருவதால் பின்தொடரும் மென்பொருளில் டெம்போ எண் 119.8, 120.1 என்று ஆடும். ஆடட்டும். ஆனால் ஒன்றுதான் தலைமை. இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர விடாதீர்கள்.

கேள்வி: பழைய பாடம் ஒன்றில் ரீவயர் என்கிறார்கள். எங்கே கிடைக்கும்?

தேட வேண்டாம். இரண்டு இசை மென்பொருளை இணைத்து ஓட்டிய ரீவயரை 2020 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். ரீசன் என்ற இசை மென்பொருளின் வாத்தியங்களுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், பதிப்பு 11 முதல் ரீசன் ராக் பிளக்-இன்னாகவே வருகிறது.

கேள்வி: ஒரு மென்பொருளில் நாதஸ்வர கமகம் அழகாக வருகிறது. அதையே மிடி வழியாக இன்னொன்றில் ஒலிக்க வைத்தால் சுருதி எங்கோ பறக்கிறது.

பிட்ச் பெண்டின், அதாவது நோட்டின் சுருதியை வளைக்கும் மிடி தகவலின், எல்லை பொருந்தவில்லை. மிடி பெண்டில் போவது 0 முதல் 16,383 வரை ஓர் எண் மட்டும், நடுவில் 8,192. அது எத்தனை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) என்பதை வாங்குகிற வாத்தியம்தான் முடிவு செய்யும். பல வாத்தியங்கள் மேலும் கீழும் 2 செமிடோன் என்று வைத்திருக்கும், சில 12. நீங்கள் 2-க்கு எழுதியதை 12-ல் திறந்தால் அசைவு ஆறு மடங்காகும்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண காந்தாரத்திலிருந்து கீழே சுத்த ரிஷபம் 2 செமிடோன், மேலே சுத்த மத்யமம் 2 செமிடோன். அந்த அசைவு 2 எல்லைக்குள் சரியாக அடங்கிவிடும். ஆனால் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாரு இழுக்க 7 வேண்டும், 2-ல் பாதி வழியிலேயே முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் 12 என்று வைத்துவிட்டுப் பிறகு எழுதத் தொடங்குங்கள். எழுதிய பிறகு மாற்றினால் எல்லாக் கமகத்தையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும். இன்னொன்று, பெண்ட் சேனல் முழுவதற்கும் பொருந்தும். தம்புராவையும் அதே சேனலில் வைத்தால் அதுவும் சேர்ந்து வளையும். 16 சேனல் இருக்கிறதே, தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: திரும்பி வரும் ஒலி தாளத்துக்குச் சற்றுப் பின்தங்குகிறது.

48,000 சாம்பிள் ரேட்டில் 256 சாம்பிள் பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்) என்றால் ஒரு முறை கடக்க 5.3 மில்லி விநாடி. இரண்டு மென்பொருள், நடுவில் ஒரு கேபிள் என்றால் அது பெருகும். பஃபரைக் குறைத்துப் பாருங்கள். ஒலி வெடிக்கத் தொடங்கினால் ஒரு படி ஏற்றுங்கள். மிச்சத்துக்கு ஒரு கிளிக் ஒலியை மட்டும் அனுப்பிப் பதிவு செய்து, டிராக்கில் தெரியும் தாளக் கோட்டிலிருந்து (கிரிட்) எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்று அளந்து, பதிவான டிராக்கை அவ்வளவு முன்னுக்கு நகர்த்துங்கள். பதிவு முடிந்ததும் இரண்டாவது மென்பொருளை மூடிவிடலாம்.