மொட்டைமாடியில் உதிரும் பொடி

அன்புள்ள சார்,

நாங்கள் தண்டையார்பேட்டை நண்பர்கள் ஐந்து பேர். சீட்டுப் பணம் இரண்டு லட்சத்தைப் போட்டு, வேற்றுக்கிரகவாசிகள் வடசென்னையைப் பிடிக்கும் குறும்படம் எடுக்கப்போகிறோம். எண்ணூர் புகைபோக்கிகளுக்கு மேல் விண்கலம் இறங்க வேண்டும். அந்த மூன்று நிமிடக் கிராஃபிக்ஸுக்கே நாலு லட்சம் கேட்கிறார்கள். குறைந்த செலவில் எடுத்தது என்று ஒருவர் சொல்லி 'மான்ஸ்டர்ஸ்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தோம். வேற்றுக்கிரக ஜந்து கண்ணில் படுவதே கொஞ்ச நேரம்தான். காசில்லாமல் செய்த ஏமாற்று வேலைதானே?

தண்டையார்பேட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காசில்லாமல் செய்ததுதான். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

2010இல் வந்த அந்தப் படத்தை இயக்குநர் காரெத் எட்வர்ட்ஸ் 5 லட்சம் டாலருக்குள் முடித்தார். கேமராவும் அவரே, வீட்டுக் கணினியில் உட்கார்ந்து கிராஃபிக்ஸ் செய்ததும் அவரே. நீங்கள் ஜந்துவைத் தேடிக்கொண்டிருந்ததில் வழியெல்லாம் வரும் எச்சரிக்கைப் பலகைகளைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். சும்மா கிடந்த சாலையைப் படம்பிடித்து வந்து, அப்புறம் கணினியில் பலகை நட்டார். ஜந்துகள் வந்து ஆறு வருஷமாகிவிட்டது, சனங்களுக்குப் பழகிவிட்டது என்பதை அந்தப் பலகையே சொல்லிவிடுகிறது. நாலு வருஷம் கழித்து 'காட்ஜில்லா' என்ற பெரிய ஹாலிவுட் படமே அவர் இயக்கத்தில் வந்தது.

உங்கள் கடிதத்தில் விண்கலம் இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது. தண்டையார்பேட்டை ஆள் ஒருவரையும் காணோம்.

நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு உதறு உதறித்தான் மடிப்பார். கரி உதிரும். அது எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. இதை எடுங்கள். ஒருநாள் கறுப்புக்குப் பதில் நீலமாக உதிர்கிறது. சொட்டுநீலம் கூடிவிட்டதோ என்று அந்த அம்மா புடவையை முகர்ந்து பார்க்கிறார். பக்கத்து மாடியிலும் உதறுகிறார்கள், அங்கேயும் நீலம். செலவு, ஒரு கிலோ கோலப்பொடி.

ராத்திரிக் காட்சிக்கு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் உச்சியில் எரியும் தீ இருக்கிறது. அதை விண்கலமாக்கிவிடாதீர்கள், பார்க்கிற நம்மூர்க்காரர் சிரித்துவிடுவார். தெருமுனையில் கேரம் ஆடும் பையன்கள் முகத்தில் ஆரஞ்சு வெளிச்சம் விழட்டும். ஒரு விளக்கும் கலர் பேப்பரும் போதும். திடீரென்று அந்த வெளிச்சம் போகிறது. ஸ்ட்ரைக்கரைப் பிடித்த விரல் அப்படியே நிற்கிறது. எத்தனை வருஷமாக எரிந்த தீ!

ஒரு சந்தேகம். உங்கள் வேற்றுக்கிரக ஆட்கள் எதற்காக வருகிறார்கள்? 1963லேயே 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்தார் வந்தார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பானுமதியைத் தூக்கிப்போனார்கள். அபத்தம்தான், ஆனாலும் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தண்டையார்பேட்டையைப் பிடித்து உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? தண்ணி லாரிக்குக் குடம் வைத்து நிற்பார்களா?

கடைசியாக, ஒரு செட்டு உங்களுக்கு இனாமாகக் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கும். பயந்துபோய் யாரும் கடலுக்குப் போகவில்லை என்று காட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்? ஃபைபர் படகுகள் அப்போதும் போய்வரும், கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு எடுங்கள்.

ஏப்ரலுக்குள் சீட்டுப் பணம் கைக்கு வந்துவிடுமா?