போர்க்காலத்தில் வேலைநிறுத்தம் வந்தால் அரசு ஆலையையே எடுத்துக்கொள்ள முடியுமா?

அமெரிக்காவில் அதிபர் ட்ரூமன் அதைத்தான் செய்து பார்த்தார், கோர்ட்டில் தோற்றார்.

கொரியப் போரால் ராணுவச் செலவு மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது, விலைவாசியும் கூடவே ஏறியது. உருக்காலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், ஊதியக் கட்டுப்பாட்டு வாரியமும் கொடுக்கலாம் என்றது, ஆனால் உருக்கு விலையை ஏற்ற விடாமல் கூலியை ஏற்ற மாட்டோம் என்று கம்பெனிகள் பிடிவாதமாக நின்றன. சங்கம் மூன்று மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தத்தைத் தள்ளிப்போட்டது என்பதைப் பலர் சொல்வதே இல்லை.

வேலைநிறுத்தத்தை 80 நாள் நிறுத்திவைக்க டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் இருந்தது. 1947-இல் ட்ரூமனே வீட்டோ செய்தும் மீறி நிறைவேறிய சட்டம் அது, அதைத் தொட அவருக்கு மனமில்லை. ஏற்கெனவே அவ்வளவு பொறுத்திருந்தவர்களை இன்னும் காக்க வைப்பதும் நியாயமாகப் படவில்லை. அதனால் 1952 ஏப்ரல் 8 அன்று ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார்.

ஜூன் 2-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை ரத்து செய்தது: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் இயற்றாமல் அதிபருக்கு அந்த அதிகாரம் இல்லை.

அப்புறம் 53 நாள் வேலைநிறுத்தம். கடைசியில் கூலியும் உயர்ந்தது, உருக்கு விலையும் உயர்ந்தது.