நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவரில் விரிசல்: வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: டெல்லி துவாரகாவில் ஒரு சொசைட்டியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கீழே பில்லர்களும் கார் பார்க்கிங்கும்தான். 2025 பிப்ரவரி 17 நிலநடுக்கத்தில் வயதான மாமியாரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினோம். பிறகு பார்த்தால் ஹாலில், சுவரும் பில்லரும் சேருமிடத்தில் நேர்கோடாக ஒரு விரிசல். ஒருவர் மெஷினால் தட்டிப் பார்த்துவிட்டு, கெமிக்கல் ஏற்றி 'நிலநடுக்கம் தாங்கும்' என்று சான்றிதழ் தருகிறேன் என்கிறார். செய்யலாமா, இல்லை காலி செய்துவிடலாமா?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காலி செய்யவும் அவசரமில்லை.

அன்று விடியற்காலை 5.36-க்கு வந்தது 4.0 அளவுதான். தௌலா குவான் பக்கம் 5 கிலோமீட்டர் ஆழத்திலேயே நடந்ததால்தான் அவ்வளவு உறுமலும் உலுக்கலும். ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் கட்டடத்தை அது ஒன்றும் செய்யாது. செங்கலும் கான்கிரீட்டும் வெயிலுக்கும் குளிருக்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அவை சேரும் கோட்டில் பூச்சு பிளப்பது சாதாரணம், உங்கள் விரிசல் முன்பே இருந்து இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கவும் கூடும். பில்லரிலேயே குறுக்காகவோ சாய்வாகவோ விரிசல் இருந்தால், கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அப்போது பயப்படுங்கள்.

ஒரு விலக்கு உண்டு, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய பழைய நான்கு மாடி வீடுகள் பலவற்றில் பில்லரே கிடையாது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் எல்லா மாடியையும் தாங்குகிறது. அங்கே சுவர் விரிசலைப் பூச்சு விரிசல் என்று தள்ளிவிட முடியாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினாலோ, சுவரின் இரண்டு பக்கமும் தெரிந்தாலோ உடனே ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். கீழ்வீட்டுக்காரர் ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை இடித்திருந்தால் அவருக்கு மேலே இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஆபத்து, விரிசல் வரும்வரை காத்திருக்கவே கூடாது.

சரி, அந்த மெஷின். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ரீபவுண்ட் ஹாமர். மேற்பரப்பு எவ்வளவு கெட்டி என்று மட்டும் காட்டும். உள்ளே கம்பி எத்தனை, அதைச் சுற்றிய ரிங்குகள் எவ்வளவு நெருக்கம் என்பது அதற்குத் தெரியாது, ஆனால் ஆட்டத்தில் பில்லர் நொறுங்காமல் காப்பது அந்த ரிங்குகள்தான். கெமிக்கல் விரிசலை அடைக்கும், அவ்வளவுதான். மூன்றாவது மாடியில் ஒரு பிளாட்டை மட்டும் நிலநடுக்கம் தாங்க வைக்க யாராலும் முடியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இந்த ஆட்கள் விசிட்டிங் கார்டோடு கிளம்பிவிடுகிறார்கள், பயந்த குடும்பம்தான் அவர்களுக்கு வியாபாரம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கீழே பார்க்கிங்கைப் பற்றி. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல, இப்படித் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டவை. நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் டெல்லி நான்காம் மண்டலம், பெரிய ஆட்டம் வரக்கூடிய இடம். அதனால் சொசைட்டி கூட்டத்தில் பேசி, கட்டட வரைபடத்தைத் தேடி எடுத்து, கட்டடம் முழுவதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ரிப்பேர் வேலையையும் தானே செய்கிறேன் என்பவரிடம் சோதனையைக் கொடுக்காதீர்கள். அரசு நோட்டீஸ் வரும் என்று உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். நோட்டீஸ், ரிப்போர்ட், ஃபைல் என்று காகிதம் நகருமே தவிர, பில்லரைப் பலப்படுத்தினீர்களா என்று நேரில் வந்து பார்க்க ஆளைக் காணோம், இத்தனை வருடமாக இதே கதை, எனக்கு அலுத்துவிட்டது.

அப்புறம், அடுத்த முறை படியில் ஓடாதீர்கள். சில விநாடி ஆட்டத்தில் மூன்று மாடி இறங்கிவிட முடியாது, விழுந்து காலை உடைத்துக்கொள்வதுதான் நடக்கும். உறுதியான மேஜைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாமியாரால் குனிய முடியாவிட்டால் கட்டிலிலேயே தலையணையால் தலையை மூடிக்கொள்ளட்டும். அவர் கட்டில் பக்கத்தில் பீரோ இருந்தால் இந்த வாரமே கிளாம்ப் வைத்துச் சுவரோடு முடுக்கிவிடுங்கள், கட்டிலுக்கு மேலே பரணில் கனமாக எதுவும் வேண்டாம்.